லினக்ஸில் வைஃபை வரவில்லை: அடைப்பு எங்கே?

கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் மலைச்சரிவில் இருக்கும் பல வீடுகளுக்கு மேலே உள்ள ஊற்றிலிருந்துதான் தண்ணீர். கறுப்புக் குழாய் தேயிலைக்கு நடுவே இறங்கி வரும், வழியில் ஒரு தொட்டி இருக்கும், அங்கிருந்து வீட்டுக்குப் போகும். ஒரு நாள் காலையில் தண்ணீர் வராவிட்டால் யாரும் முதல் வேலையாகக் குழாய்த் திருகைக் கழற்றிப் புதிது மாட்டுவதில்லை. குழாயோடு மேலே நடந்து போய்த் தொட்டியை எட்டிப் பார்ப்பார்கள். தொட்டியில் தண்ணீர் நின்றால் அடைப்பு கீழே, தொட்டி காலி என்றால் மேலே.

லினக்ஸ் கணினியில் வைஃபையும் இப்படித்தான் பல கட்டமாக இறங்கி வருகிறது. முதலில் வைஃபை கார்டு என்ற பொருள். அதை இயக்கும் டிரைவர். கார்டுக்குள் ஏற்றப்படும் ஃபர்ம்வேர் என்ற சிறு நிரல். ரேடியோவை அணைத்து வைக்கும் பூட்டு. எந்த நெட்வொர்க்கில் சேருவது என்று முடிவு செய்யும் மேலாளர் நிரல். ரவுட்டரோடு நடக்கும் பாஸ்வேர்டு சரிபார்ப்பு. கடைசியாக ஐபி முகவரியும், தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸும். இவற்றில் எது நின்றாலும் திரையில் தெரிவது ஒன்றுதான்: நெட் இல்லை. அதனால்தான் பலரும் பாஸ்வேர்டைப் பத்து முறை அடித்துப் பார்த்துவிட்டு, கடைசியில் லினக்ஸையே அழித்து மறுபடி நிறுவுகிறார்கள். மறுபடி நிறுவினாலும் விடுபட்ட ஃபர்ம்வேர் விடுபட்டே இருக்கும்.

மலையில் இருப்பவர்களுக்கு இதைத் தெரிந்துகொள்வதில் கூடுதல் லாபம் உண்டு. ஊட்டியிலிருந்து கோவை சுமார் 85 கிலோமீட்டர். யுஎஸ்பி துளையில் செருகும் ஒரு வைஃபை டாங்கிள் வாங்க இறங்கி ஏறினால் ஒரு நாள் போயிற்று. வாங்கி வந்த பிறகு ‘கார்டு நன்றாகத்தான் இருந்தது, பூட்டுதான் போட்டிருந்தது’ என்று தெரிந்தால் வயிற்றெரிச்சல். 2011இல் தொடங்கிய தமிழக அரசின் இலவச மடிக்கணினிகளில் பலவும் பாஸ் லினக்ஸோடு வந்தவை. பழைய மடிக்கணினிக்கு மின்ட், உபுண்டு போட்டு ஓட்டுபவர்களும் நிறைய. பாஸ், மின்ட், உபுண்டு மூன்றும் டெபியன் என்ற லினக்ஸ் பதிப்பின் குடும்பம் என்பதால் கீழே சொல்வது எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

கட்டளைகளைப் பற்றி ஒரு சொல். இங்கே அவற்றை உச்சரிப்பில் எழுதியிருக்கிறோம். கட்டளை அடிக்கும் சாளரமான டெர்மினலில் ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடிக்க வேண்டும். ‘என்எம்சிஎல்ஐ’ என்று இருந்தால் அந்த ஐந்து எழுத்துகள். ‘ஆர்எஃப்கில்’ என்றால் ஆர், எஃப், அதையொட்டி கொல் என்று பொருள்படும் கில். வைஃபை என்பதை நடுவில் கோடில்லாமல் நான்கெழுத்தாக அடிக்கவும்.

முதலில் அடிக்க வேண்டியது ஒரே கட்டளை:

என்எம்சிஎல்ஐ டிவைஸ் ஸ்டேட்டஸ்

இதுதான் நம் தொட்டி. வரும் பட்டியலில் இரண்டாவது பத்தியில் வைஃபை என்று எழுதியிருக்கும் வரியைத் தேடுங்கள். அந்த வரியின் முதல் சொல் கார்டின் பெயர், டபிள்யூலான்0 அல்லது டபிள்யூஎல்பி2எஸ்0 போல இருக்கும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். மூன்றாவது பத்தியில் நிலை இருக்கும். வைஃபை வரியே இல்லையா, ‘அன்அவைலபிள்’ என்கிறதா, ‘அன்மேனேஜ்டு’ என்கிறதா, ‘டிஸ்கனெக்டட்’ என்கிறதா, ‘கனெக்டட்’ என்று சொல்லியும் நெட் இல்லையா? இந்த ஐந்தில் எது என்று தெரிந்தவுடன் பாதி வேலை முடிந்தது.

வைஃபை வரியே இல்லை என்றால்

அடைப்பு ஊற்றுக்குப் பக்கத்தில் இருக்கிறது. கார்டு, டிரைவர், ஃபர்ம்வேர் மூன்றில் ஒன்று. மடிக்கணினிக்குள் இருக்கும் கார்டுக்கு எல்எஸ்பிசிஐ என்று அடித்து, ஓர் இடம் விட்டு, சிறு கோடு போட்டு அதையொட்டி என்என்கே என்று அடியுங்கள். யுஎஸ்பி டாங்கிளுக்கு எல்எஸ்யுஎஸ்பி. முதல் கட்டளை தரும் நீளப் பட்டியலில் ‘நெட்வொர்க் கன்ட்ரோலர்’ என்ற வரியைப் பிடியுங்கள். அதன் கடைசியில் சதுர அடைப்புக்குள் நடுவே முக்காற்புள்ளியோடு இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண் தயாரிப்பாளர்: 8086 என்றால் இன்டெல், 10இசி என்றால் ரியல்டெக், 168சி என்றால் ஏதெராஸ், 14இ4 என்றால் பிராட்காம். உதவி கேட்கும்போது ‘என் லேப்டாப் இந்த மாடல்’ என்று சொல்வதைவிட இந்த இரண்டு எண்களைச் சொன்னால் பதில் சீக்கிரம் கிடைக்கும். ஒரே மாடல் மடிக்கணினியில் வெவ்வேறு கார்டுகள் வருவது சாதாரணம்.

அந்த வரிக்குக் கீழே ‘கெர்னல் டிரைவர் இன் யூஸ்’ என்று ஒரு வரி இருந்தால் டிரைவர் ஏறியிருக்கிறது. இல்லையென்றால் டிரைவர்தான் குறை. டிரைவர் இருந்தும் வைஃபை இல்லை என்றால் பெரும்பாலும் ஃபர்ம்வேர். அதைப் பார்க்க டிஎம்இஎஸ்ஜி என்ற கட்டளையை, நிர்வாகி உரிமை தரும் சுடோ என்ற சொல்லை முன்னால் போட்டு ஓட்டி, வரும் செய்திகளில் ஃபர்ம்வேர் என்ற சொல்லைத் தேடுங்கள். ‘டைரக்ட் ஃபர்ம்வேர் லோட்… ஃபெய்ல்டு வித் எரர் -2’ என்று வந்தால், -2 என்பதற்கு ‘அந்தக் கோப்பே இல்லை’ என்று பொருள். இங்கே ஓர் எச்சரிக்கை: இன்டெல் டிரைவர் புதிய பதிப்பில் தொடங்கி ஒவ்வொன்றாகப் பழைய பதிப்புக் கோப்புகளைத் தேடும். அதனால் மூன்று நான்கு தோல்வி வரிகள் வந்து, கடைசியில் ‘லோடட் ஃபர்ம்வேர் வெர்ஷன்’ என்று முடிந்திருந்தால் ஒன்றும் கெட்டுவிடவில்லை. முதல் சிவப்பு வரியைப் பார்த்துப் பதற வேண்டாம்.

டெபியனில் இந்தக் குறை ஒரு காலத்தில் எல்லாருக்கும் வந்தது. கட்டற்ற உரிமம் இல்லாத ஃபர்ம்வேரை நிறுவல் வட்டில் வைப்பதில்லை என்பது அவர்கள் கொள்கை. 2022இல் வாக்கெடுப்பு நடத்தி அதை மாற்றினார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் நிறுவல் வட்டிலேயே ஃபர்ம்வேர் இருக்கிறது. அதற்கு முந்தைய டெபியனிலோ, அதன் மேல் கட்டிய பதிப்பிலோ இருப்பவர்கள் ‘ஃபர்ம்வேர்-ஐடபிள்யூஎல்வைஃபை’, ‘ஃபர்ம்வேர்-ரியல்டெக்’, ‘ஃபர்ம்வேர்-ஏதெராஸ்’ ஆகிய பொதிகளில் (பேக்கேஜ்) தங்கள் கார்டுக்கு உரியதை நிறுவ வேண்டும். உபுண்டுவில் இவை எல்லாம் ‘லினக்ஸ்-ஃபர்ம்வேர்’ என்ற ஒரே பொதியில்.

நெட்டே இல்லாமல் பொதியை எப்படி இறக்குவது? ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி கேபிளால் கணினியில் செருகி, போன் அமைப்புகளில் ஹாட்ஸ்பாட் பகுதிக்குள் இருக்கும் யுஎஸ்பி டெதரிங்கை இயக்குங்கள். கணினிக்கு அது கம்பி வழி நெட் போலத் தெரியும். தனி டிரைவர் தேவையில்லை. மேலே சொன்ன ஸ்டேட்டஸ் பட்டியலில் ஈதர்நெட் என்று ஒரு புது வரி முளைக்கும். சார்ஜ் மட்டும் ஏற்றும் மலிவு கேபிளில் இது நடக்காது. டேட்டா போகும் கேபிள் வேண்டும்.

பிராட்காம் தனிக் கதை. அதன் பல கார்டுகளுக்கு ‘பிசிஎம்டபிள்யூஎல்-கெர்னல்-சோர்ஸ்’ என்ற பொதியை உபுண்டுவிலும், ‘பிராட்காம்-எஸ்டிஏ-டிகேஎம்எஸ்’ என்பதை டெபியனிலும் நிறுவ வேண்டும். இவை லினக்ஸின் மைய நிரலான கெர்னலுக்கு வெளியே இருக்கும் டிரைவர்கள். கெர்னல் புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் உங்கள் கணினியிலேயே மறுபடி தொகுக்கப்பட வேண்டும். அதற்குக் கெர்னல் ஹெடர் பொதியும் இருந்தாக வேண்டும். ‘நேற்று அப்டேட் போட்டேன், இன்று வைஃபை காணோம்’ என்றால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். உடனடி வழி: கணினி தொடங்கும்போது வரும் கிரப் பட்டியலில் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ உள்ளே போய்ப் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுங்கள். அதில் வைஃபை வந்தால் கண்டுபிடிப்பு உறுதி. ஹெடர் பொதியை நிறுவி, டிரைவர் பொதியை மறுநிறுவல் செய்தால் சரியாகும். தொகுத்த பிறகும் ‘ரிக்வயர்டு கீ நாட் அவைலபிள்’ அல்லது ‘கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்’ என்று வந்தால், கையொப்பமில்லாததை ஏற்றவிடாத செக்யூர் பூட் என்ற காவல் அந்த டிரைவரை மறுக்கிறது. பயாஸில் செக்யூர் பூட்டை அணைப்பது எளிய வழி. டிரைவருக்குக் கையொப்பச் சாவி பதிவது ஒழுங்கான வழி. வீட்டுக் கணினிக்கு எது வேண்டும் என்பது உங்கள் முடிவு.

எல்எஸ்பிசிஐ பட்டியலில் கார்டே இல்லை என்றால் மட்டும் ஸ்குரூடிரைவரை எடுங்கள். ஜூன், ஜூலை மழையில் மாதக்கணக்கில் ஈரம் உட்காரும் ஊர் இது. கார்டின் பொன்னிற விளிம்பில் படலம் படிந்து தொடர்பு விட்டுப்போவது உண்டு. கணினியை அணைத்து, பேட்டரி இணைப்பையும் கழற்றிய பிறகு கார்டை வெளியே எடுத்து, விளிம்பைச் சுத்தமான பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளை ஊதிவிட்டு, அழுத்தமாக மறுபடி செருகுங்கள். கார்டின் மேல் இரண்டு மெல்லிய ஆண்டெனா வயர்கள் பொத்தான் போல அழுத்தி மாட்டப்பட்டிருக்கும். இவற்றில் ஒன்று கழன்றிருந்தால் கார்டு பட்டியலில் தெரியும், ரவுட்டர் பக்கத்தில் உட்கார்ந்தால் நெட் வரும், அடுத்த அறைக்குப் போனால் போய்விடும். மடிக்கணினியைத் திறந்து ராம் மாற்றியவர்களுக்கு இது அடிக்கடி நேரும்.

டாங்கிள்தான் வாங்குவது என்று முடிவானால் பெட்டியின் மேல் உள்ள பிராண்டைப் பார்க்காதீர்கள், உள்ளே இருக்கும் சிப்பைக் கேளுங்கள். ஏதெராஸ் ஏஆர்9271, மீடியாடெக் எம்டி7612யு போன்றவற்றுக்குக் கெர்னலிலேயே டிரைவர் இருக்கிறது, செருகினால் ஓடும். முதலாவது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டும் ஓடும். சில ரியல்டெக் டாங்கிள்கள் செருகியவுடன் விண்டோஸ் டிரைவர் அடங்கிய குறுந்தட்டு போல நடிக்கும். எல்எஸ்யுஎஸ்பியில் 0பிடிஏ, முக்காற்புள்ளி, 1ஏ2பி என்று தெரிந்தால் அதுதான். கோப்பு மேலாளரில் அந்தத் தட்டை ‘இஜெக்ட்’ செய்தால் வேடம் கலைந்து வைஃபையாக மாறும். ஒவ்வொரு முறையும் செய்யாமலிருக்க ‘யுஎஸ்பி-மோட்ஸ்விட்ச்’ பொதி உதவும்.

அன்அவைலபிள் என்றால்

கார்டு இருக்கிறது, பூட்டியிருக்கிறது. ஆர்எஃப்கில் லிஸ்ட் என்று அடியுங்கள். ‘சாஃப்ட் பிளாக்டு’, ‘ஹார்டு பிளாக்டு’ என்று இரண்டு வரி வரும். சாஃப்ட் என்பது மென்பொருள் போட்ட பூட்டு. ஏரோப்ளேன் மோட் தெரியாமல் அழுந்தியிருக்கும். சுடோ ஆர்எஃப்கில் அன்பிளாக் வைஃபை என்று அடித்தால் திறந்துவிடும். ஹார்டு என்பது கணினியின் பக்கவாட்டுச் சிறு சுவிட்ச் அல்லது எஃப்என் விசையோடு சேர்ந்த ஆண்டெனாப் படம் போட்ட பொத்தான். அதை எந்தக் கட்டளையும் திறக்காது, கையால்தான் தள்ள வேண்டும்.

சுவிட்சே இல்லாத மடிக்கணினி ஹார்டு பிளாக் என்று சொன்னால் இரண்டு காரணம் பாருங்கள். விண்டோஸும் லினக்ஸும் ஒன்றாக இருக்கும் கணினியில், விண்டோஸின் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ கணினியை முழுதாக அணைக்காமல் அரைத்தூக்கத்தில் விடுகிறது. கார்டு அதே நிலையில் லினக்ஸுக்கு வந்து சேரும். விண்டோஸில் அதை அணைத்துவிட்டு, ஷட்டவுன் செய்து, மறுபடி லினக்ஸில் நுழையுங்கள். இரண்டாவது, பொத்தான்களைக் கவனிக்கும் தயாரிப்பாளர் மாட்யூல் (கெர்னலோடு சேரும் டிரைவர் துண்டு) தவறாகப் படிப்பது. சில பழைய லெனோவா மாடல்களில் ‘ஐடியாபேட்_லேப்டாப்’ மாட்யூல் இப்படிச் செய்யும். சுடோ மோட்புரோப், இடைவெளி, சிறு கோட்டோடு ஆர், பிறகு அந்தப் பெயர் என்று அடித்து அதை இறக்கிப் பாருங்கள். பூட்டு விலகினால் குற்றவாளி அகப்பட்டது.

அன்மேனேஜ்டு: இரண்டு மேலாளர் சண்டை

ஆரம்பநிலையில் இருப்பவர்களை அதிகம் குழப்புவது இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். லினக்ஸில் வைஃபையை ஆள ஒன்றுக்கு மேற்பட்ட நிரல்கள் உண்டு. மேசைக் கணினிகளில் பெரும்பாலும் நெட்வொர்க்மேனேஜர். சர்வர்களில் சிஸ்டம்டி-நெட்வொர்க்டி. பழைய டெபியன் முறையில் ஒரு எழுத்துக் கோப்பு. இன்னும் ஐடபிள்யூடி, கான்மேன் என்று சில. எது இருந்தாலும் சரி, ஒரு கார்டை ஒரு மேலாளர்தான் ஆள வேண்டும். ஒரே குழாயில் இரண்டு பேர் ஆளுக்கொரு வால்வைத் திருகினால் யாருக்கும் தண்ணீர் ஒழுங்காக வராது. ஒருவர் இணைப்பார், மற்றவர் துண்டிப்பார். திரையில் வைஃபை சில நொடிக்கு ஒருமுறை வந்து வந்து போகும்.

அன்மேனேஜ்டு என்ற சொல், நெட்வொர்க்மேனேஜர் தானாக ஒதுங்கி நிற்கிறது என்பதன் அடையாளம். ‘இந்தக் கார்டை வேறு யாரோ பார்த்துக்கொள்கிறார்கள், நான் தொடமாட்டேன்’ என்கிறது. டெபியன் குடும்பத்தில் அந்த ‘வேறு யாரோ’ பெரும்பாலும் ஈடிசி அடைவில் நெட்வொர்க் என்ற துணை அடைவுக்குள் இருக்கும் இன்டர்ஃபேசஸ் என்ற கோப்புதான். வைஃபை வழியாகவே டெபியனை நிறுவியபோது நிறுவி உங்கள் கார்டின் பெயரை அதில் எழுதியிருக்கலாம். பழைய கையேட்டைப் பார்த்து நீங்களே சேர்த்ததாகவும் இருக்கலாம். சுடோ நானோ கொண்டு கோப்பைத் திறந்து, கார்டின் பெயர் வரும் வரிகளின் முன்னால் எண் குறியான சதுரக்கோட்டுச் சின்னத்தைப் போடுங்கள். ‘லோ’ என்ற பெயருள்ள இரண்டு வரிகளைத் தொடாதீர்கள், அது கணினி தன்னோடு பேசும் வழி. சேமித்துவிட்டு,

சுடோ சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் நெட்வொர்க்மேனேஜர்

இந்தக் கடைசிச் சொல்லில் மட்டும் நெட்வொர்க்கின் முதல் எழுத்தும் மேனேஜரின் முதல் எழுத்தும் பெரிய எழுத்து. சிறியதாக அடித்தால் ‘அப்படி ஒரு சேவை இல்லை’ என்று கணினி கைவிரிக்கும். பலர் இங்கே தடுக்கி விழுந்திருக்கிறார்கள்.

சண்டையில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்க்க, சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் என்பதோடு நெட்வொர்க்மேனேஜர், சிஸ்டம்டி-நெட்வொர்க்டி, ஐடபிள்யூடி மூன்றையும் ஒவ்வொன்றாகக் கேளுங்கள். பச்சையில் ‘ஆக்டிவ்’ என்று ஒன்றுக்கு மேல் வந்தால் சந்தேகப்படலாம். சாதாரண மேசைக் கணினியில் நெட்வொர்க்மேனேஜரை வைத்துக்கொண்டு மற்றதை நிறுத்துவதே எங்கள் யோசனை. ஐடபிள்யூடியை நிறுத்த: சுடோ சிஸ்டம்சிடிஎல் டிஸேபிள், பிறகு இரட்டைக் கோட்டோடு நவ், பிறகு ஐடபிள்யூடி. ஆனால் ‘டபிள்யூபிஏ_சப்ளிகன்ட்’ என்று ஒன்று ஓடுவதைப் பார்த்து அதையும் நிறுத்திவிடாதீர்கள். அது மேலாளர் இல்லை, நெட்வொர்க்மேனேஜரின் கீழ் பாஸ்வேர்டு வேலையைச் செய்யும் ஆள். அதை நிறுத்தினால் நிலை மறுபடி அன்அவைலபிள் என்று மாறும்.

டிஸ்கனெக்டட்: சேர மறுக்கிறது

கார்டு தயார், நெட்வொர்க்கில் சேரத்தான் முடியவில்லை. என்எம்சிஎல்ஐ டிவைஸ் வைஃபை லிஸ்ட் என்று அடித்தால் அக்கம்பக்கத்து ரவுட்டர்கள் எல்லாம் வரிசையாக வரும். உங்களுடைய பெயர் அதில் இருக்கிறதா?

போனில் தெரிகிறது, கணினியில் தெரியவில்லை என்றால் அலைவரிசைதான் காரணம். பழைய கார்டுகள் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் கேட்கும். ரவுட்டர் 5 கிகாஹெர்ட்ஸில் மட்டும் அந்தப் பெயரை ஒலிபரப்பினால் அவற்றுக்கு அது இல்லாத நெட்வொர்க். ரவுட்டர் பக்கத்தில் 2.4ஐ இயக்க வேண்டும். இன்னொன்று சேனல். 2.4 கிகாஹெர்ட்ஸில் இந்தியாவில் 1 முதல் 13 வரை பயன்படுத்தலாம். கணினி தன்னை அமெரிக்காவில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தால் 12, 13ஐப் பார்க்காது. ஐடபிள்யூ ரெக் கெட் என்று அடித்தால் நாட்டுக் குறியீடு தெரியும். சுடோ ஐடபிள்யூ ரெக் செட் என்பதோடு ஐ, என் இரண்டையும் பெரிய எழுத்தில் சேர்த்தால் இந்தியாவாக மாறும். இதைவிட நிம்மதியான வழி ரவுட்டரை 1, 6, 11 இவற்றில் ஒன்றில் நிறுத்துவது. இந்த மூன்றும் ஒன்றன் மேல் ஒன்று விழாது.

பெயர் தெரிகிறது, சேரவில்லை என்றால் முதலில் பழைய பதிவை அழியுங்கள். ரவுட்டரில் பாஸ்வேர்டை மாற்றிய பிறகும் கணினி பழையதையே நீட்டிக்கொண்டிருக்கும். என்எம்சிஎல்ஐ கனெக்‌ஷன் டிலீட், பிறகு நெட்வொர்க் பெயர். பெயரில் இடைவெளி இருந்தால் மேற்கோள் குறிக்குள் போடவும். பிறகு என்எம்சிஎல்ஐ, இரட்டைக் கோட்டோடு ஆஸ்க், டிவைஸ் வைஃபை கனெக்ட், பெயர். பாஸ்வேர்டைக் கேட்கும், அடிக்கும்போது திரையில் எழுத்துகள் தெரியாது, அது இயல்பு.

அப்போதும் சேராவிட்டால் பதிவேட்டைப் படிக்க வேண்டும்: ஜர்னல்சிடிஎல், சிறு கோட்டோடு பி, சிறு கோட்டோடு யு, பிறகு டபிள்யூபிஏ_சப்ளிகன்ட். கடைசி வரிகளில் ‘ராங் கீ’ என்று இருந்தால் பாஸ்வேர்டு தவறு என்கிறது. ஆனால் அதை அப்படியே நம்பிவிட வேண்டாம். பாஸ்வேர்டு சரிபார்ப்பு என்பது கணினியும் ரவுட்டரும் நான்கு செய்திகளை மாற்றிக்கொள்வது. சிக்னல் மெலிந்து நடுவில் ஒரு செய்தி தொலைந்தாலும் கணினி ‘பாஸ்வேர்டு தவறாக இருக்கலாம்’ என்றே எழுதும். ரவுட்டர் இருக்கும் அறைக்குப் போய் ஒருமுறை முயன்ற பிறகு பாஸ்வேர்டைச் சந்தேகியுங்கள். புதிய ரவுட்டர் டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 என்ற இரண்டு பாதுகாப்பு முறைகளையும் கலந்து தரும்போது பழைய கார்டுகள் சில திணறும். ரவுட்டரில் டபிள்யூபிஏ2 மட்டும் என்று மாற்றிப் பார்ப்பது ஒரு நிமிட வேலை.

முக்கால் நிமிடம் சுற்றிவிட்டு ‘ஐபி கான்ஃபிகரேஷன் குட் நாட் பி ரிசர்வ்டு’ என்று விழுந்தால் பாஸ்வேர்டு சரி, முகவரிதான் கிடைக்கவில்லை. மே மாத சீசனில் ஊட்டி, கொடைக்கானல் தங்கும் விடுதிகளில் இது சகஜம். ரவுட்டர் 50 முகவரிகள் மட்டும் கொடுக்கும்படி வைக்கப்பட்டிருக்கும். வந்து போன விருந்தினர் போன்கள் ஒரு நாள் குத்தகையில் அவற்றைப் பிடித்து வைத்திருக்கும், புதிதாக வந்தவருக்கு மிச்சமில்லை. குத்தகைக் காலத்தை 2 மணி நேரமாகக் குறைத்து, முகவரி வரம்பை 200ஆக விரித்தால் தீர்ந்தது. கணினியில் செய்ய ஒன்றுமில்லை.

கனெக்டட், ஆனால் நெட் இல்லை

மூன்று பிங் போதும். பிங் என்பது ஒரு முகவரிக்குச் சிறு செய்தி அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை. ஐபி ரூட் என்று அடித்து ‘டிஃபால்ட் வயா’ என்பதற்கு அடுத்த எண்ணைப் பாருங்கள், அது உங்கள் ரவுட்டர். அதை பிங் செய்யுங்கள். பதில் வந்தால் வீட்டுக்குள் சரி. அடுத்து இணையத்தில் இருக்கும் கூகுளின் 8.8.8.8. பதில் இல்லையென்றால் நெட் கம்பெனியின் இணைப்பு துண்டு, கணினியை விட்டுவிடுங்கள். அதுவும் வந்தால் ஏதாவது ஒரு தளத்தின் பெயரை பிங் செய்யுங்கள். எண்ணுக்குப் பதில் வந்து பெயருக்கு வரவில்லை என்றால் டிஎன்எஸ் கோளாறு. நெட்வொர்க் அமைப்பில் ஐபிவி4 பகுதியில் டிஎன்எஸ் தானியங்கியை அணைத்து 1.1.1.1, 8.8.8.8 இரண்டையும் எழுதி, இணைப்பைத் துண்டித்து மறுபடி சேருங்கள். விடுதியில் தங்கும்போது இதைத் திரும்பத் தானியங்கிக்கு மாற்றிவிட வேண்டும். அறை எண் கேட்கும் உள்நுழைவுப் பக்கம் விடுதியின் சொந்த டிஎன்எஸ் வழியாகத்தான் வரும். இல்லையென்றால் அந்தப் பக்கமே திறக்காது.

பிங் எல்லாம் சரி, ஆனால் எந்தத் தளமும் ‘பாதுகாப்பற்ற இணைப்பு’ என்கிறதா? கடிகாரத்தைப் பாருங்கள். பழைய மடிக்கணினியில் உள்ளிருக்கும் பொத்தான் பேட்டரி தீர்ந்தால் தேதி பல ஆண்டு பின்னால் போய்விடும். சான்றிதழ்கள் ‘இன்னும் தொடங்கவில்லை’ என்று உலாவி மறுக்கும். தேதியைக் கையால் சரிசெய்யுங்கள், பிறகு 3 வோல்ட் சிஆர்2032 மாற்றுங்கள். இதை வைஃபை கோளாறு என்று நினைத்துக் கார்டு மாற்றியவர்களும் உண்டு.

வருகிறது, போகிறது

மஞ்சு இறங்கினால் நெட் போகிறது என்று மலையில் எல்லாரும் சொல்வார்கள். வீட்டு வைஃபையைப் பொறுத்தவரை மஞ்சு நிரபராதி. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை மூடுபனியும் மழையும் வீட்டுத் தொலைவில் அளவிட முடியாத அளவுக்குத்தான் உறிஞ்சும். உண்மையான எதிரிகள் வேறு: ஒன்றரை அடி கருங்கல் சுவர், தகரக் கூரை, தகரத் தடுப்பு. தகரம் அலையைத் திருப்பி அடிக்கும், கல் விழுங்கும். 5 கிகாஹெர்ட்ஸ் இன்னும் சீக்கிரம் தோற்கும். இரண்டு கட்டடங்களுக்கு இடையே வெளியில் வைஃபை போனால் மட்டும் ஈரம் கணக்கில் வரும், அதுவும் காற்றில் உள்ள ஈரம் இல்லை, நடுவில் நிற்கும் சில்வர் ஓக் இலைகளில் தங்கிய ஈரம்.

அளந்து பார்க்க ஐடபிள்யூ டெவ், கார்டின் பெயர், லிங்க் என்று அடியுங்கள். சிக்னல் என்ற வரியில் கழித்தல் குறியோடு ஓர் எண் வரும். -50 அருமை. -67 வரை வீடியோ அழைப்பு நன்றாக ஓடும். -75இல் தடுமாறும். -80ஐத் தாண்டினால் அறுந்து அறுந்து வரும். இது மடக்கைக் கணக்கு: 3 குறைந்தால் சக்தி பாதி, 10 குறைந்தால் பத்தில் ஒரு பங்கு. கணினியோடு அறை அறையாக நடந்து எண்ணைக் குறித்தால் ரவுட்டரை எங்கே நகர்த்துவது என்று தானே தெரியும்.

எண் நன்றாக இருந்தும் அறுந்தால் மின்சேமிப்பைச் சந்தேகியுங்கள். கார்டு சும்மா இருக்கும்போது தூங்கப் போய், எழும்ப மறந்துவிடும். சோதிக்க: சுடோ ஐடபிள்யூ டெவ், கார்டின் பெயர், செட், பவர்_சேவ், ஆஃப். ஒரு மாலை முழுக்க அறாமல் இருந்தால் நிரந்தரமாக்கலாம்: என்எம்சிஎல்ஐ கனெக்‌ஷன் மாடிஃபை, நெட்வொர்க் பெயர், வைஃபை.பவர்சேவ், 2. இங்கே 2 என்றால் அணை, 3 என்றால் இயக்கு. டாங்கிள் வைத்திருப்பவர்கள் அதை நீல நிற யுஎஸ்பி 3 துளையிலிருந்து கறுப்புத் துளைக்கு மாற்றிப் பாருங்கள். யுஎஸ்பி 3 வேலை செய்யும்போது எழும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸிலேயே விழுகிறது. பக்கத்தில் ஹார்டு டிஸ்க் காப்பி ஓடும்போது மட்டும் வைஃபை செத்தால் சந்தேகமே வேண்டாம்.

கடைசியாக மின்வெட்டு. காற்றடித்து மரக்கிளை கம்பியில் சாய்ந்தால் மின்சாரம் போய்ப் போய் வரும். மடிக்கணினி பேட்டரியில் ஓடிக்கொண்டே இருக்கும், ரவுட்டர் மட்டும் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து எழும். ரவுட்டரின் பெயர் காற்றில் வந்துவிடும், முகவரி கொடுக்க மட்டும் இன்னும் தயாராகியிருக்காது. நெட்வொர்க்மேனேஜர் நான்கு முறை முயன்று தோற்றுவிட்டால் சிறிது நேரம் சும்மா இருந்துவிடும். நெட் வந்தும் கணினி சேராமல் இருப்பது இதனால்தான். விடாமல் முயலச் சொல்ல:

என்எம்சிஎல்ஐ கனெக்‌ஷன் மாடிஃபை, நெட்வொர்க் பெயர், கனெக்‌ஷன்.ஆட்டோகனெக்ட்-ரீட்ரைஸ், 0

0 என்றால் எத்தனை முறையானாலும். ரவுட்டருக்கு ஒரு சிறு யுபிஎஸ்ஸும் வாங்கிவிட்டால் இந்தச் சிக்கலே எழாது. பல வீட்டு ரவுட்டர்கள் 12 வோல்ட்டில் ஓடுபவை, ஆனால் அடாப்டர் மேல் எழுதியிருக்கும் வோல்ட்டும் ஆம்பியரும் பார்த்துத்தான் வாங்க வேண்டும். ஃபைபர் இணைப்பில் சுவரில் தனியாக ஒரு பெட்டி இருந்தால் அதற்கும் சேர்த்து யுபிஎஸ் வேண்டும். ரவுட்டர் மட்டும் உயிரோடு இருந்து அந்தப் பெட்டி அணைந்துவிட்டால், வைஃபை ‘கனெக்டட்’ என்று காட்டும், 8.8.8.8 மட்டும் பதில் சொல்லாது.